ஒரு கறிக்குப் போதாத காய்

அபிராமபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கம் தனி வீடுகளில் வளர்ந்த தலைமுறை கொல்லைக் காய்கறியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் ஓரிடத்தில்தான் போய் நிற்கும்: அந்த ருசி இப்போது இல்லை. பந்தலில் அப்போதுதான் பறித்த அவரைக்காய், கிணற்றடி வாழையின் பூ, முருங்கைக் கீரை, எச்சத்தில் விழுந்து தானாக முளைத்த மணத்தக்காளி என்று பட்டியல் நீளும். ரசாயன உரம் கெடுத்தது, கலப்பின விதை கெடுத்தது, குளிர்பெட்டி கெடுத்தது என்று காரணங்களும் கூடவே வரும். இந்தக் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நினைவுகளில் பேசப்படும் உணவுகளின் பெயர்களைச் சற்று உற்றுப் பார்த்தால் வேறொரு செய்தி தெரிகிறது. கூட்டு, கலந்த காய்ச் சாம்பார், துவையல், வற்றல் குழம்பு, பருப்புசிலி, மோர்க்குழம்பு. தனிக் காயை எண்ணெயில் வதக்கிய கறி இவற்றுக்கிடையே அரிதாகத்தான் வருகிறது. கொல்லைக் காய்கறி நினைவில் தங்கியதற்கு அதன் ருசியைவிட அதன் அளவே பெரிய காரணம் என்பது என் வாதம். கொல்லை ஒருநாளும் வீட்டுக்குத் தேவையான அளவைக் கொடுத்ததில்லை. ஒன்று, குறைவாகக் கொடுத்தது. இல்லையென்றால் மலைக்கும்படி கொட்டியது. இந்த ஒழுங்கின்மையைச் சமாளிக்க அடுப்படி கண்ட வழிகளைத்தான் நாம் இன்று பாரம்பரியச் சமையல் என்கிறோம்.

நிலத்திலிருந்து தொடங்குவோம். தென்சென்னையின் இந்தப் பகுதி ஒரு காலத்தில் தோப்பும் தோட்டமுமாக இருந்தது என்பதற்கு விசாலாட்சி தோட்டம், பீமன்ன கார்டன் போன்ற பெயர்கள் இன்றும் சாட்சி. கிரீன்வேஸ் சாலையில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த பிராடி காசில், எல்டாம்ஸ் சாலையில் சர் சி. பி. ராமசாமி ஐயரின் ‘தி குரோவ்’ போன்ற தோட்ட மாளிகைகளுக்கு ஏக்கர் கணக்கில் வளாகம் இருந்தது. அங்கே தோட்டக்காரர்கள் இருந்தார்கள். 1835இல் தொடங்கி கதீட்ரல் சாலையில் இயங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் செடிகொடிகளும் இத்தகைய வளாகங்களுக்குத்தான் பொருத்தம். நாம் பேசும் கொல்லை அது அல்ல. பெரிய வளாகங்கள் மனைகளாகப் பிரிந்து, எண் போட்ட தெருக்களாக அபிராமபுரம் உருவானபோது, நடுத்தரக் குடும்பத்தின் கையில் வந்தது ஒரு கிரவுண்டு, மிஞ்சினால் இரண்டு. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் வீடு, முன்வாசல், சுற்றுவழி, கிணறு, துவைக்கிற கல், கொல்லைக் கோடியில் கழிப்பறை, சில வீடுகளில் மாட்டுக் கொட்டில் எல்லாம் போக, பாத்தி கட்ட 600 சதுர அடி மிஞ்சியிருந்தால் அது தாராளம். அதாவது சுமார் 55 சதுர மீட்டர். உரமும் பாசனமும் உள்ள வயலில் கத்தரி ஹெக்டேருக்கு 25 டன் விளைகிறது என்று வைத்துக்கொண்டால், அதே கணக்கில் இந்தக் கொல்லை முழுதும் ஒரு பருவத்துக்கு 140 கிலோ கொடுக்கும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட நெறியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி சொல்லப்பட்டது. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது நாளைக்கு 1.8 கிலோ, வருடத்துக்கு ஏறத்தாழ 650 கிலோ. வயல் அளவுக்கு விளைந்தாலும் கொல்லைக் காய் இரண்டரை மாதம்தான் வரும். நிழலும் உப்புநீரும் அணிலும் பங்கு கேட்கும் வீட்டுக் கொல்லை வயல் அளவுக்கு விளையப்போவதும் இல்லை. ஆகவே ‘எல்லாம் வீட்டிலேயே விளைந்தது, கடைக்கே போனதில்லை’ என்ற நினைவைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ஏற்க வேண்டும். மயிலாப்பூர்த் தண்ணீர்த்துறை மார்க்கெட்டும் மாட வீதிக் கடைகளும் அந்தக் காலத்திலேயே சும்மா இருக்கவில்லை.

இன்னொரு சிக்கல், இந்த விளைச்சல் ஆண்டு முழுதும் பரவி வராது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழிக்கு ஏற்ப ஆடியில் ஊன்றிய அவரை, பகல் குறுகத் தொடங்கிய பிறகே பூக்கும் நாட்டு ரகம் என்றால், கார்த்திகை வரை இலையையும் கொடியையும் மட்டும் காட்டிக்கொண்டிருக்கும். மார்கழியில் நாலு காய் கிடைக்கும். தையில் கை வலிக்கப் பறிக்கலாம். பங்குனிக்குள் கொடி காய்ந்துவிடும். முருங்கை கோடையில் சடைசடையாகக் காய்க்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சியைத் தவிர வேறெதையும் தராது. வாழை எப்போது குலை தள்ளும் என்பது அதன் இஷ்டம். தள்ளினால் பூ, காய், தண்டு மூன்றும் சில மாதங்களுக்குள் வந்து சேரும். குலை வெட்டிய அன்றே மரத்தையும் சாய்த்தாக வேண்டும். வெண்பூசணியில் பாதிக் காயைப் பறிக்க வழியில்லை.

குறைவாக வந்த நாட்களை முதலில் எடுத்துக்கொள்வோம். செடியில் கத்தரிக்காய் மூன்று, வெண்டைக்காய் ஐந்து, ஒரு கைப்பிடி அவரைக்காய், ஒரே ஒரு முருங்கைக்காய். எதுவும் தனியாக ஒரு கறிக்குப் போதாது. நாளைக்கு வைத்தால் வெண்டை முற்றும், கத்தரி வாடும். அடுப்படியின் விடை எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவது. ஆனால் ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாது, ஒன்று கசக்கும். இந்தத் தொல்லையைத் தீர்ப்பதற்குத்தான் கூட்டின் இலக்கணம் இருக்கிறது. வேக நேரமாகும் கிழங்கை முதலில் போடு, கீரை இனத்தைக் கடைசியில் போடு. வெந்த பயத்தம்பருப்பும் தேங்காய் அரைப்பும் சேர்ந்து காய்களின் வேற்றுமையை மூடிவிடும். காய் இன்னும் குறைந்தால் பருப்பின் பங்கு கூடும். பருப்புசிலி இந்தத் திசையில் ஒரு படி மேலே போன சமையல். ஊறவைத்து அரைத்து ஆவியில் வேகவைத்து உதிர்த்த பருப்பு, கொஞ்சம் கொத்தவரங்காயை ஆறு பேருக்கு நீட்டிவிடும். காய் சற்று முற்றி நாராக இருந்தால் அதையும் மறைக்கும். கொல்லைக் கொத்தவரை ஒருநாள் கவனிக்காவிட்டால் முற்றிவிடும் என்பதைப் பயிரிட்டவர்கள் அறிவார்கள். அரைத்துவிட்ட சாம்பாருக்கு ஒரே ஒரு முருங்கைக்காய் போதும் என்பதும் இதே கணக்குதான். ஆளுக்கு இரண்டு துண்டு; வாசனை ஊருக்கே.

கொட்டிய நாட்களின் கணக்கு வேறு மாதிரி. அதற்கு வீடு மூன்று வழி வைத்திருந்தது: காயவைப்பது, கொடுப்பது, எறியும் பகுதியையும் சமையலுக்குள் இழுத்துக்கொள்வது. அவரையும் கத்தரியும் கொத்தவரையும் மலிந்து கிடக்கும் மாசியை ஒட்டியே வெயிலும் ஏறுகிறது. உப்பும் புளித்த மோரும் ஏறிய சுண்டைக்காயும் மணத்தக்காளியும் மொட்டை மாடியில் காய்ந்து, கொல்லை வெறிச்சோடும் சித்திரை வைகாசிக்கும், பாத்தி மூழ்கும் ஐப்பசிக்கும் வற்றல் குழம்பாகத் திரும்பின. மிஞ்சிப் புளித்த மோருக்கும் இதில் ஒரு வேலை கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மிச்சத்தை இன்னொரு மிச்சத்தால் தீர்ப்பது இந்த அடுப்படியின் பழக்கம். பீர்க்கங்காயின் தோல் துவையலானது, வாழைத்தண்டு மோர்க்கூட்டானது, கழுநீர் கறிவேப்பிலைக்கும் குளித்த தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போயின, அடுப்புச் சாம்பல் அவரைக் கொடியின் அசுவினிப் பூச்சிக்கு மருந்தானது. பூசணியை வெட்டியதும் பாதி பக்கத்து வீட்டுக்குப் போனது தாராள மனத்தால் மட்டுமல்ல. குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மறுபாதியை வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த வாரம் அவர்கள் வீட்டு வாழைப்பூ இங்கே வரும். அண்டை வீடுகள் ஒன்றுக்கொன்று சேமிப்புக் கிடங்காக இருந்தன.

இந்த நினைவுகள் ஏன் பெரும்பாலும் குழந்தைப் பருவ நினைவுகளாகவே இருக்கின்றன என்பதற்கும் இங்கேதான் விடை இருக்கிறது. குழந்தைகள் வெறுமனே தின்றவர்கள் அல்லர். இந்த ஏற்பாட்டின் கூலியில்லாத வேலையாட்கள். எட்டாத கொடியில் ஏறிப் பறிப்பது, முருங்கைக் கீரையை உருவி ஆய்வது, வாழைப்பூவின் ஒவ்வொரு மடலையும் பிரித்துக் கள்ளன் என்ற வேகாத நரம்பை எடுத்து மோரில் போடுவது, வற்றலுக்குக் காவலிருந்து காக்கை ஓட்டுவது, பாதிப் பூசணியைச் சுமந்துகொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்தன. கடையில் ஒரு கிலோ பீன்ஸ் வாங்கும் வீட்டில் பிள்ளைக்கு இப்படி ஒரு பங்கு இல்லை. கை செய்த வேலையை நாக்கு ருசியாக நினைவு வைத்திருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

நினைவு எளிதில் இனிப்பாகிவிடும் சரக்கு என்பதால், அதைச் சோதிக்க நிலையான சாட்சிகள் வேண்டும். பண்டிகைச் சமையல் அப்படி ஒன்று. மார்கழித் திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு, பொங்கலன்று பல காய் போட்ட குழம்பு என்ற வழக்கம் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் இருக்கிறது. அவரை, மொச்சை, சேனை, சேம்பு, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், பூசணி, பரங்கி. அந்தப் பருவத்தில் கொல்லையிலும் வயல் வரப்பிலும் இருப்பதன் பட்டியல் இது. இங்கே ஒரு மறுப்பு எழும்: ஏழு என்பது சடங்கு எண், அதற்கும் கொல்லையின் பற்றாக்குறைக்கும் என்ன தொடர்பு? எண் சடங்குதான், சந்தேகமில்லை. ஆனால் எந்த ஏழு என்பதைச் சடங்கு பெரும்பாலும் வீட்டுக்கே விட்டிருக்கிறது. ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று, ஐந்தும் ஆகலாம், ஒன்பதும் ஆகலாம். கிடைப்பதற்கேற்ப வளைந்துகொடுக்கும் சமையலே இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது.

திவசச் சமையல் இன்னும் கண்டிப்பான சாட்சி. மயிலாப்பூர்ப் பிராமண வீடுகளில் அன்று தக்காளி, முட்டைகோஸ், காரட், பீன்ஸ் எதுவும் உள்ளே வராது. மிளகாய்க்குப் பதில் மிளகு. வாழைக்காய், புடலங்காய், பாகற்காய், அவரை, கொத்தவரை, சேனை, சேம்பு, பிரண்டைத் துவையல் இவைதான். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டிலேயே கூப்பிடு தூரத்தில் சாந்தோமில் குடியேறியிருந்தும், அமெரிக்கக் கண்டத்துக் காய்களில் பெரும்பாலானவை இந்த இலைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் இதை ‘பழைய கொல்லையின் அப்படியே ஒரு படம்’ என்று எடுத்துக்கொண்டால் தவறிவிடுவோம். கொல்லைக்குக் கொல்லை நின்ற முருங்கை திவசத்தில் விலக்கு. அமெரிக்காவிலிருந்து வந்த சர்க்கரைவள்ளியோ பல வீடுகளில் ஏற்கப்படுகிறது. அதே கண்டத்துப் பரங்கி பொங்கல் குழம்பில் உரிமையோடு அமர்ந்திருக்கிறது. தாவரவியல் சொல்லும் பூர்விகத்தை வைத்து நாம் நாட்டுக் காய் என்று பெயர் சூட்டவில்லை. சென்னை வெயிலில், தனி வைத்தியம் இல்லாமல் வளர்ந்து, அடுத்த ஆண்டுக்கான விதையையும் வீட்டிலேயே விட்டுப்போன காய் நாட்டுக் காய் ஆயிற்று. பரங்கி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டிவைக்கலாம், அவரையில் முதல் நெற்றுகளைக் கொடியிலேயே முற்ற விடலாம். 1820களில் ஜான் சல்லிவன் நீலகிரியில் பயிராக்கத் தொடங்கிய ஐரோப்பியக் காய்கறிகளுக்கு மலைக்குளிர் வேண்டும். விதைக்கும் கடையையே நம்ப வேண்டும். அவை அபிராமபுரத்துக்குக் கூடையில்தான் வந்தன.

கடையிலிருந்து வரும் காய் சமையலை எப்படி மாற்றுகிறது என்பதற்கு எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ ஒரு நல்ல அடையாளம். அதன் முதல் பாகம் 1951இல் வெளிவந்தது. மாமியார் துணையின்றித் தனிக்குடித்தனம் போகும் பெண்களுக்குத் துணை என்ற அளவில்தான் அந்த நூலை வழக்கமாகப் புகழ்வோம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஆழாக்கு, பலம் என்ற அளவுகள். இத்தனை பேருக்கு இவ்வளவு காய், இவ்வளவு பருப்பு, இவ்வளவு புளி என்று அளவு எழுத வேண்டுமானால், காய் அளந்து வாங்கக் கூடிய பொருளாக ஆகியிருக்க வேண்டும். ‘இருக்கிற காயைப் போடு’ என்பது வாய்மொழிச் சமையல். அதை அச்சில் ஏற்றிப் பயனில்லை. நூலில் கூட்டு வகைகள் ஏராளம். ஆனாலும் ஒவ்வொன்றும் தன் காயின் பெயரால் அறியப்படும் தனிப் பண்டமாகப் பிரிந்து நிற்கிறது. கொல்லையின் தயவில் நாளுக்கு நாள் மாறிய ஒரு முறை, பெயர் பெற்ற பண்டங்களின் வரிசையானது. மீனாட்சி அம்மாள் இந்த மாற்றத்துக்குக் காரணம் அல்லர். மாற்றம் நடந்துகொண்டிருந்ததை அவருடைய நூல் பதிந்துவைத்திருக்கிறது.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். அளவு, கணக்கு எல்லாம் சரி, ஆனால் காய் உண்மையிலேயே ருசியாகத்தானே இருந்தது? இருந்திருக்கும். பறித்த பிறகும் காய் மூச்சுவிடுகிறது. அதன் சர்க்கரை குறைகிறது, நார் கூடுகிறது. அறை வெப்பத்தில் கீரையின் வைட்டமின் சி ஓரிரு நாட்களில் பெருமளவு போய்விடும். ரகங்களும் மாறிவிட்டன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989இல் வெளியிட்ட பி.கே.எம்.1 முருங்கை, விதை போட்ட ஆறு மாதத்தில் நீளநீளமாகக் காய்க்கிறது. கிளை ஒடித்து நட்ட பழைய மரத்தின் காயும் அதுவும் ஒரே மணம் தராது என்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். ஆனால் புதிதாகப் பறித்தது ஒன்றே காரணம் என்றால், நினைவில் முதலிடம் பிடிக்க வேண்டியது பச்சையாகவோ லேசாக வதக்கியோ உண்ட காய். நடப்பது வேறு. மிகுந்த ஏக்கத்தோடு பேசப்படும் வற்றல் குழம்பில் இருப்பது ஆறு மாதம் முன்பு காய்ந்த சுண்டைக்காய். பீர்க்கங்காய்த் தோல் துவையலில் இருப்பது காயே அல்ல. இவை புதிதாகப் பறித்ததன் ருசிகள் அல்ல, கையாளலின் ருசிகள்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. இது யாருடைய நினைவு? கிணறும் கொல்லையும் இருந்தவர்களுடையது. அதே மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனங்களில் நாலைந்து குடும்பங்கள் ஒரு கிணற்றைப் பகிர்ந்துகொண்டன. கொல்லை முருங்கை வீட்டுக்காரருடையது, குடித்தனக்காரருக்குக் கேட்டுப் பெறும் கீரை. குப்பங்களிலும் குடிசைகளிலும் இருந்தவர்களுக்குப் பந்தல் போட இடமே இல்லை. புறம்போக்கில் தானாக முளைத்த கீரையைப் பறித்துச் சமைப்பது ஏழ்மையின் அடையாளம். ஏக்கத்தோடு நினைக்கும் பொருளாக அது எல்லோருக்கும் இருந்ததில்லை. சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் ஒரு குடும்பம் வருகிறது. தோட்டத்துக் கீரை பெருமை, குப்பைக் கீரை வெட்கம் என்ற பிளவு அவ்வளவு பழையது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். அது என் வாதத்தை மறுக்கவில்லை, எல்லை போடுகிறது. சொல்லப்போனால் மிச்சம் வைக்காமல் சமைக்கும் கலை கொல்லை உடையவர்கள் கண்டுபிடித்ததே அல்ல என்றும் இதிலிருந்து ஊகிக்கலாம். தோலையும் தண்டையும் இலையையும் உணவாக்கும் அறிவு வறுமையில் பிறந்து, வசதியுள்ள வீடுகளில் சிக்கனம் என்ற நல்ல பெயர் பெற்றிருக்கலாம். அந்தச் சிக்கனத்தின் உழைப்பில் பெரும்பகுதி பெண்களுடையது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. வாழைப்பூ ஆய்ந்து கறுத்த விரல்கள் ஏக்கக் கட்டுரைகளில் அதிகம் தென்படுவதில்லை.

கொல்லை போனது எப்படி என்பது எல்லோரும் அறிந்த கதை. மனை விலை ஏறியது, தனி வீடுகள் அடுக்கு மாடிகளாயின, கிணறு ஆழ்துளைக் குழாயானது, கொல்லை வாகன நிறுத்தமானது. கொத்தவால் சாவடி மொத்தச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு, எல்லாப் பருவத்திலும் எல்லாக் காயும் கிடைப்பது வழக்கமாகிவிட்டது. சமையல் மாறியதற்குக் கொல்லையின் மறைவை மட்டும் பழிப்பது போதாது என்பதை மாடித் தோட்டங்கள் காட்டுகின்றன. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை பைகளும் தென்னை நார்க்கழிவும் விதையும் மானிய விலையில் தந்து ஊக்குவிக்க, தென்சென்னையின் பல மொட்டை மாடிகளில் இப்போது வெண்டையும் கத்தரியும் காய்க்கின்றன. பழைய பற்றாக்குறையும் அப்படியே திரும்பியிருக்கிறது. ஆறு பைகளிலிருந்து நாளைக்கு மூன்று வெண்டைக்காய். ஆனால் கூட்டு திரும்பவில்லை. மூன்று காயும் குளிர்பெட்டிக்குள் போகின்றன, நாளை மூன்று, மறுநாள் நான்கு. ஒரு பொரியலுக்குச் சேர்ந்ததும் எடுத்து வதக்குகிறார்கள். முன்பு பல காய்களை ஒரு நாளில் சேர்த்தார்கள். இப்போது ஒரே காயைப் பல நாட்களில் சேர்க்கிறார்கள். நாலு நாள் பழைய வெண்டைக்காய்ப் பொரியலைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் விளைந்தும் பழைய ருசி வரவில்லையே என்று யோசிப்பவர்கள், மண்ணையும் விதையையும் சந்தேகிப்பதற்கு முன் அன்று கிடைத்த மூன்றையும், அடுத்த பையில் தொங்கும் இரண்டு கத்தரியையும், மூலையில் வளரும் கைப்பிடி முளைக்கீரையையும் பயத்தம்பருப்போடு ஒரே பாத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம்.